ஒரு ஜோடி கால்தாங்கி

தம்பியின் பைக்குக்குக் கால்தாங்கி செய்ய உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்திருந்தவை சில. அலுமினியத் தகடு எவ்வளவு வளையும், எந்தத் தோல் வியர்வைக்கும் மழைக்கும் தாங்கும், எந்தப் பசை வெயிலில் விட்டுப்போகாது. தெரியாதது ஒன்றுதான். அவனுடைய இரண்டு கால்களும் ஒரே அளவில் இல்லை என்பது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். காலணித் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்து சாம்பிள் பிரிவில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு ஷூவின் படம் வரும். அதை எத்தனை துண்டாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு துண்டையும் தோலில் என்ன வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று பேட்டர்ன் போடுவது என் வேலை. மாதனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும் நேரத்தில் அதே இடத்தில் இறங்குவேன். வீட்டில் அம்மா, நான், தம்பி மூன்று பேர்தான்.

தம்பிக்கு ஆம்பூரிலேயே ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களின் பார்சலோடு அலைவான். ஞாயிற்றுக்கிழமை தன் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவான். அது மண்பாதைக்கென்றே செய்யப்பட்ட உயரமான பைக். பெங்களூரில் யாரோ வைத்திருந்து கைமாறியது. ஏலகிரியின் பின்பக்கத்துப் பாதைகள், ஜவ்வாது மலையில் தார் போடாத தடங்கள், ஏரிக்கரைகள், வறண்ட பாலாறு எல்லாம் அதற்குத் தெரியும் என்பான்.

நின்றுகொண்டு ஓட்டுவதுதான் அவனுக்கு எல்லாமே. கல்லும் பள்ளமுமான பாதையில் உட்கார்ந்து ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்கு வந்து சேரும். எழுந்து ஃபுட்ரெஸ்டில் நின்று, முழங்கால்களால் டேங்கைக் கவ்விக்கொண்டால், பைக் தன் பாட்டுக்குக் கீழே குதித்துக்கொண்டிருக்கும். ஆள் மேலே அசையாமல் இருக்கலாம். ஒருமுறை என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு அப்படி எழுந்து நின்றான். நான் பயந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உடுக்கா, பறக்கும்போது சட்டைய புடிக்காத," என்றான். அவனுக்கு வேறு பெரிய ஆசைகள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மலைக்குப் போக வேண்டும், நின்றுகொண்டு போக வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்தான்.

"இன்னாடா, மலை மூடிட்டாங்களா?"

"நிக்க முடியலக்கா. கொஞ்ச தூரம் நின்னா கால் நடுங்குது. உக்காந்துனே வந்தேன், கெழவன் மாதிரி."

"சோறு ஒழுங்கா துன்னாத்தானே," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "பரோட்டாவும் டீயும் உள்ள போனா கால் நடுங்காம இன்னா பண்ணும்?"

அவன் காரணத்தை பைக்கில் தேடினான். டேங்க் ஒல்லியாக இருக்கிறது, முழங்காலுக்குப் பிடிமானம் இல்லை, முழு பாரமும் தொடைக்கு வருகிறது. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் வீட்டிலேயே செய்து பொருத்திய கால்தாங்கியின் வீடியோவைக் காட்டினான். டேங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் சட்டத்தில் முடுக்கிய இரண்டு தகடுகள். வாழைமட்டையைப் பாதியாக வெட்டி நிமிர்த்தி வைத்தது போன்ற வடிவம். நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் அதற்குள் போய் அமர்ந்துவிடும். முழங்கால் முன்னால் மடங்க முடியாது. பின்பக்கம் திறந்திருக்கும். வண்டி சாய்ந்தால் காலைப் பின்னால் இழுத்துத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம்.

"நீ ஷூ செய்றவதானே? முட்டிக்குக் கீழ ஒரு ஷூ செஞ்சு குடேன்," என்றான்.

செய்தேன். சந்தோஷமாகத்தான் செய்தேன்.

ஷூவுக்குப் பேட்டர்ன் எடுப்பது இப்படி. பாதத்தின் வடிவில் ஓர் அச்சு இருக்கும். அதன் மேல் காகித டேப்பை இடைவெளி விடாமல் ஒட்டி மூடுவோம். மேலே கோடு போட்டு, பிளேடால் கீறி உரித்து, தட்டையாக விரித்தால் பாதத்தின் தோல் போல ஒரு வரைபடம் கையில் வரும். தம்பியை நாற்காலியில் நிற்க வைத்து அவன் காலையே அச்சாக நினைத்து டேப் சுற்றினேன்.

"மயிரெல்லாம் புடுங்கினு வருதுக்கா! ஷூ பண்ண சொன்னா தோல உரிக்கறா பாரும்மா!"

"ஆடாம நில்லு. கோடு கோணிக்கும்."

"ஆம்பூர்ல தோல் உரிக்கறதுக்குன்னே பொறந்திருக்கீங்கக்கா நீங்கெல்லாம்."

வலது காலுக்கு மட்டும்தான் எடுத்தேன். எங்கள் தொழிலில் எப்போதும் ஒரு காலுக்குத்தான் பேட்டர்ன். மறு காலுக்கு அதே அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டுவோம். இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளவெடுத்தால் மேற்பார்வையாளர் சிரிப்பார். ஜோடி என்பது ஒன்றும் அதன் கண்ணாடிப் பிம்பமும். யாரும் இதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடுகிற வழக்கம் அது. அட்டையைத் திருப்பிப் போட்டேன், இடது தாங்கிக்கும் வடிவம் கிடைத்தது.

தகட்டை வளைத்துத் துளை போட பைபாஸ் பக்கத்தில் இருக்கும் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்கார பாய் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, குதிரைக்கு பேண்ட்டா?"

"பைக்குக்கு பாய். நின்னுனு ஓட்டறதுக்கு."

"உக்கார சீட்டு குடுத்துக்கிறான் கம்பெனிக்காரன். அத உட்டுட்டு நிக்கறதுக்கு ஒரு மிசினா? ரொம்ப பேஜார்மா உங்க வூட்டுல." சிரித்துக்கொண்டே வளைத்துக் கொடுத்தார். முனைகளை அவரே அரம் வைத்து மழுக்கினார்.

உள்பக்கத்துக்கு, ஷூவில் பாதத்துக்கு அடியில் வைக்கும் மெத்தென்ற ஃபோம் ஷீட் ஒட்டினேன். அதன் மேல் சாம்பிள் அறையில் கழித்துப்போட்ட தோலில் உறை தைத்தேன். விளிம்பைச் சீவி மெலிதாக்கி மடித்தேன், தையல் வெளியே தெரியக்கூடாது என்று. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனாலும் கை அப்படித்தான் செய்யும்.

முதல் ஓட்டம் பாலாற்று மணலில். தம்பி இரண்டு தாங்கிகளிலும் காலைப் பதித்து எழுந்தான். நின்றான். நாணல் புதர் வரை போய், திரும்பி, கையை விரித்துக்கொண்டு என்னைக் கடந்து போனான். ஏதோ கத்தினான், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அந்த ஒரு சாயங்காலத்தை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அப்படி ஒன்று வரவில்லை.

இறங்கி வந்து சொன்னான், "ரைட்டு சூப்பர். லெஃப்ட்டுதான் கொஞ்சம் லூசா இருக்குதுக்கா."

இடது தாங்கிக்கு மூன்று மில்லிமீட்டரில் இன்னொரு ஃபோம் ஒட்டினேன். சரியானது. சில வாரம் கழித்து மறுபடியும், "லூசு." இன்னொரு மூன்று மில்லிமீட்டர். மறுபடியும்.

"ஃபோம் அமுங்கிடுதுக்கா. நல்ல குவாலிட்டியா போடேன். கம்பெனில நல்லதெல்லாம் வெள்ளக்காரனுக்கு, வீட்டுக்கு கழிச்சதா?"

ஃபோம் அமுங்கும் என்பது உண்மைதான். எவ்வளவு அமுங்கும் என்பதும் எனக்குத் தெரியும், அதைச் சோதிக்கும் அறை என் மேசையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. ஒரு நாள் இரண்டு பக்கத்து ஃபோமையும் பிரித்து எடுத்துப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். சாப்பாட்டு இடைவேளையில் தடிமன் பார்க்கும் கேஜில் வைத்தேன். வலது பக்கத்து ஃபோம் கொஞ்சம் அமுங்கியிருந்தது, எதிர்பார்த்த அளவுக்கு. இடது பக்கத்தில் ஒட்டிய ஃபோம்கள் ஒவ்வொன்றும் கிட்டத்தட்டப் புதிது போலவே இருந்தன. அவற்றை யாரும் அழுத்தவில்லை. கேஜைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே எண்.

ஃபோம் சுருங்கவில்லை என்றால் சுருங்கியது வேறு ஏதோ. அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒரு படிதான் இருந்தது. அதில் கால் வைக்காமல் அன்று சாயங்காலம் வரை ஒரு குழந்தைச் செருப்பின் பேட்டர்னில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, காகித டேப் சுருளோடு அவன் முன்னால் போய் நின்றேன்.

"லெஃப்ட்டுக்கு தனியா பேட்டர்ன் எடுக்கறேன். நாற்காலில ஏறு."

அன்று அவன் முடியைப் பிடுங்குகிறாய் என்று கத்தவில்லை. ஆடவும் இல்லை. உரித்து விரித்த காகிதத்தை வலது காலின் பழைய பேட்டர்ன் மேல் வைத்தேன். நம்பர் ஏழு ஷூவின் மேல் நம்பர் ஐந்தை வைத்தது போல் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"செருப்பு தானா கழண்டுக்குதுக்கா," என்றான். "லெஃப்ட்டு மட்டும். நடந்துனு இருப்பேன், திரும்பி பாத்தா செருப்பு பின்னாடி கெடக்கும்."

"எப்பல இருந்துடா?"

"தெரில. வார் லூசுன்னு நெனச்சேன்."

வேலூரில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். பிறகு அவர் சொன்ன பரிசோதனைகளுக்குப் போனோம், பிறகு மறுபடி அவரிடம். ஊசியைத் தசைக்குள் வைத்துப் பார்த்தார்கள், நரம்பில் மின்சாரம் அனுப்பிப் பார்த்தார்கள். ரத்தத்தை எங்கோ தூரத்துக்கு அனுப்பினார்கள். தம்பியை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னார் டாக்டர். அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொடையில் கையை வைத்து, அப்படி வைத்தது வெளியில் தெரியாதபடி சிரித்துக்கொண்டே எழுந்தான். டாக்டர் சிரிக்கவில்லை. நோய்க்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், இடதில் தொடங்கியிருக்கிறது, வலதுக்கும் வரும். எவ்வளவு வேகம் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். முடியாது என்பதை முடியாது என்றே சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டும்போது, டாக்டர் அறைக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்த அம்மா என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"மாத்திரை ஒண்ணும் எழுதி குடுக்கலியே?"

"இல்லம்மா."

"பத்தியம்?"

"அதுவும் இல்ல."

"அப்போ பெருசா ஒண்ணும் இல்ல." அவள் முகம் அப்படியே தளர்ந்து இளகியது. "பெருசா இருந்தா ஒரு பை மாத்திரை குடுத்திருப்பாங்கோ."

முன் சீட்டில் இருந்த தம்பி அதைக் கேட்டான். அவன் தலை அசையவில்லை. ஜன்னல் வழியாகத் தோல் பதனிடும் இடங்களின் வாடை வந்தது. எப்போதும் அந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதாவது சொல்வான். அன்று கை மடியிலேயே இருந்தது.

அவன் பைக்கை நிறுத்தவில்லை. நானும் தாங்கியை நிறுத்தவில்லை. இது சரியா என்று தெரியாது. ஃபோம் ஒட்டுவது என்னால் முடியும். அவனுக்குச் செய்ய முடிந்ததாக வேறு எதுவும் இல்லை. மருந்து இருந்திருந்தால் மருந்து வாங்கப் போயிருப்பேன்.

அவனிடமிருந்து போனவற்றை நான் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் ஜவ்வாது மலை. பிறகு ஏலகிரி. பிறகு வேலை, அதாவது அலைகிற வேலை. கம்பெனியில் நல்லவர்கள், கவுண்டரில் உட்கார வைத்தார்கள். பிறகு மாடிப்படி, பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது. ஏரிக்கரை மட்டும் கொஞ்ச காலம் மிஞ்சியது. அங்கே தரை சமமாக இருக்கும். தாங்கியில் காலை வைத்து எழுந்து, கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாகப் போவான், திரும்புவான். கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் அவனை ஏதோ வித்தை காட்டுகிறவன் என்று நினைத்தார்கள். வீட்டுத் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவன் பைக்கில் நிமிர்ந்து நின்றான். கால் நிற்கவில்லை, தகடு நிற்கவைத்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஃபோம் அமுங்கிடுச்சுக்கா," என்பான்.

"சரி, கழட்டு. ஒட்டித் தரேன்," என்பேன்.

அந்தப் பேச்சை நாங்கள் மாற்றவேயில்லை.

பிறகு வலது பக்கமும் லூசானது. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஃபோம் ஒட்டும் நிலை வந்தபோது, ஒரு பேட்டர்னை வெட்டி மறுபடி அட்டையைத் திருப்பிப் போட்டேன். இப்போது சரியான ஜோடிதான்.

அடுத்ததாக அவன் வார் கேட்டான்.

கால் தாங்கிக்குள் நிற்காமல் பின்பக்கமாக நழுவ ஆரம்பித்திருந்தது. கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு வார் போட்டு இழுத்துக் கட்டிவிட்டால் கால் எங்கும் போகாது என்றான். அவன் சொன்னது சரி. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"பின்பக்கம் திறந்திருக்கறதுதாண்டா உன்னை காப்பாத்தறது. கட்டிட்டா சாயும்போது எப்படி கால எடுப்ப?"

"சாயமாட்டேன்."

"எல்லாரும் சாய்வாங்க."

"இப்ப மட்டும் எடுக்கறனாக்கா?" என்றான். "தொறந்து வெச்சிருக்க. நான் எடுத்தா வருமா அந்த காலு?"

நான் அவன் கெண்டைக்காலைப் பார்த்தேன்.

"ஒரே ஒரு வாட்டிக்கா. பாலாறு மட்டும். மணல்தானே, உயுந்தா இன்னா ஆவும்?"

தொழிற்சாலையில் புதிய ஷூ ஒன்று வந்தால், அதை யாராவது போட்டு நடந்து பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டோம். அந்த நம்பர் கால் உள்ளவர் யார் என்று தேடிப் பிடித்து நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்வோம். எங்கே உரசுகிறது, எங்கே இறுக்குகிறது என்று அவர் வந்து சொல்ல வேண்டும். வாரைச் செய்தேன். பையை மூடுவதுபோல் ஒட்டிப் பிரிக்கும் பட்டையை முனையில் வைத்துத் தைத்தேன், ஒரு இழுப்பில் கழன்று வரும்படி. கை எட்ட வேண்டும் என்று இரண்டு காலிலும் வெளிப்பக்கத்தில் வைத்தேன். பிறகு அவனிடம் சொன்னேன், "முதல்ல நான் போட்டு பாக்கறேன். எனக்கு சரின்னாதான் உனக்கு."

அந்த பைக்கை எனக்கு அவன்தான் ஓட்டக் கற்றுத் தந்திருந்தான். அவனைப் பின்னால் உட்காரவைத்து ஆற்றுக்கு ஓட்டிப் போனேன். மணல் திட்டில் அவனை இறக்கிவிட்டு, கைத்தடியை அவன் கையில் கொடுத்தேன். தாங்கிக்குள் காலை வைத்து எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன். அவனுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிக்கொண்டே வந்த தாங்கி என் காலுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. எங்கும் இடைவெளி இல்லை. முன்பு என் காலை வைத்த பிறகும் உள்ளே கையை விட்டு ஆட்டலாம் என்கிற அளவுக்கு எனக்குப் பெரியதாக இருந்தவை.

வார்களை இறுக்கினேன். கொஞ்ச தூரம் நன்றாகவே போனது. நின்றேன், அசையாமல் நின்றேன். திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்ததும் முன்சக்கரம் மணலில் புதைந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. இடது கால் தரைக்குப் போக வேண்டும் என்று உடம்பு சொன்னது. கால் போகவில்லை. வண்டியோடு சேர்ந்து, ஒரு மரம் விழுவது போல, முழுதாக விழுந்தேன்.

எஞ்சின் நின்றுவிட்டது. சைலன்சர் வலப்பக்கம் இருந்தது, விழுந்தது இடப்பக்கம். அது ஒன்றுதான் சாதகம். வலது வாரைப் பிரித்து அந்தக் காலை எடுத்துவிட்டேன். இடது கால் வண்டிக்கு அடியில். பட்டை வெளிப்பக்கத்தில், அதாவது மணலுக்குள், முழு வண்டியின் பாரத்துக்கும் கீழே. கை எட்டும் இடமாகப் பார்த்து நான் வைத்த இடம் அது.

தம்பி வந்தான். அவன் வந்த விதத்தை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. தடி மணலில் இறங்கியது, அதைப் பிடுங்கினான், ஓர் அடி, மறுபடி பிடுங்கினான். பாதியில் தடியை விட்டுவிட்டு கைகளாலும் முழங்கால்களாலும் வந்தான். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கினான். வண்டி அசையவில்லை. எழுந்து நிற்க முயன்று என் மேலேயே விழப் போனான். மறுபடி உட்கார்ந்தபடி தூக்கினான். பட்டையைத் தேடி மணலைத் தோண்டினான், தோண்டத் தோண்ட மணல் சரிந்து மூடியது.

"வலிக்குதாக்கா?"

"வலிக்கல. நீ இழுக்காத, உன் முதுகு புடிச்சிக்கும்."

"ஒரு நிமிசம் இரு. இன்னொரு வாட்டி."

அப்படி எத்தனையோ முறை. கடைசியில் என் தலைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டான். என் முகத்தில் வெயில் படாமல் சாய்ந்து உட்கார்ந்தான். யாரையாவது கூப்பிடலாம் என்றால் இருவர் போனும் வண்டியின் இடப்பக்கப் பெட்டிக்குள், பெட்டி வண்டிக்கு அடியில்.

புல்கட்டோடு ஓர் அம்மா கரையிலிருந்து இறங்கி வந்தார். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து போகிறவர். எங்களைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இன்னா கூத்து இது! பொம்பள புள்ள வண்டி அடில கெடக்குது, ஆம்பள நீ குந்தினு வேடிக்கை பாக்கறியே! தூக்கேன்டா!"

நான் சொல்ல வாயெடுத்தேன். அவன் என் தோளில் கை வைத்து நிறுத்தினான்.

"என்னால முடியாதும்மா," என்றான். "கால்ல சக்தி இல்ல எனக்கு. நிக்க முடியாது."

அந்த வாக்கியத்தை அவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. டாக்டரிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, கூரியர் கம்பெனியில் கவுண்டரில் உட்கார வைத்தபோதுகூட முதுகு வலி என்றுதான் சொல்லியிருந்தான். முன்பின் தெரியாத ஒருவரிடம் நிதானமாக, ஊர்ப்பேர் சொல்வதுபோல் சொன்னான்.

அந்த அம்மா அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். மணலில் கிடந்த தடியைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவி, என் காலுக்குப் பின்னால் கையை விட்டு வாரை அறுத்தார். நல்ல தோல். லேசில் அறுபடவில்லை. "இன்னா இவ்ளோ கெட்டியா கட்டி வெச்சிக்கிற," என்று மட்டும் முணுமுணுத்தார். கால் வெளியே வந்தது. அவரும் நானும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினோம். கணுக்காலில் வீக்கம், அவ்வளவுதான். அவர் தம்பியின் அக்குளில் கை கொடுத்து எழுப்பி, சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார், தன் பிள்ளையை ஏற்றுவது போல. தோளில் கிடந்த துண்டால் அவன் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"பாத்து போங்கம்மா," என்றார். "தோ, மேட்டுல மணல் கம்மி, அப்படியே ஏத்திக்கோ."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் தலை என் முதுகில் சாய்ந்திருந்தது. வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகைப் பக்கம் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டேன். அவன் இறங்கவில்லை.

"ஸ்பேனர் எடுத்துனு வாக்கா."

"எதுக்கு?"

"கழட்டிடு. ரெண்டையும்."

"நாளைக்கு கழட்டிக்கலாம்டா. வாரை மட்டும் எடுத்துட்டு, பின்பக்கம் திறந்த மாதிரியே..."

"அக்கா." குரலை உயர்த்தவில்லை. "நான் உன்னை தூக்கியிருக்கணும். இல்லியா? தூக்க முடியலல்ல. அதுக்கப்புறம் நின்னு இன்னா பண்ணப் போறேன்?"

அம்மா கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். என் காலில் வீக்கத்தையும், அவன் முகத்தையும், என் கையில் ஸ்பேனரையும் பார்த்தாள். அவளுக்கு எது புரிந்ததோ, மாத்திரை எழுதாத நோய்க்கு அர்த்தம் என்ன என்பது அப்போதுதான் புரிந்ததோ, தெரியவில்லை. கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை அப்படியே தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு பக்கமும் நான்கு போல்ட். நான் போட்டவை, எல்லாம் சரியாக முடுக்கியவை, எதுவும் தளரவில்லை. கழற்றும்போது அவன் சீட்டில் உட்கார்ந்தபடி, என் கையில் படாமல் காலைத் தூக்கிக்கொள்ளப் பார்த்தான். கால் தூங்குகிறவனின் கால் போலத் தொங்கியது. நானே கையால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பேனரை உள்ளே விட்டேன். இரண்டாவது தகடும் வந்தபோது சட்டத்தில் பெயின்ட் போன இடம் வட்டமாகத் தெரிந்தது. அவன் அதைக் குனிந்து பார்க்கவில்லை. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"அப்போ என்னை கீழ எறக்குக்கா."

தகடுகளைத் தரையில் வைத்துவிட்டு, அவன் அக்குள்களுக்கு அடியில் இரண்டு கையும் கொடுத்து இறக்கினேன். நினைத்ததைவிட லேசாக இருந்தான்.